கொலுசு போட்டவரிடம் சம்பளம் கேட்டேன்

இந்த வருடம் சீனப் பெருநாளுக்குச் சற்று முன்பு நடந்தது இது. கோலாலம்பூரில், தொழிலாளர் அலுவலகத்தின் விசாரணை அறைக்கு வெளியே, என் சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆன்டி அன்று பார்த்துத் தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். அவருக்கும் நான் பாக்கி வைத்திருந்ததால், வற்புறுத்த வாய் வரவில்லை.

என் வீடு கிள்ளானில். வேலை பார்த்தது பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையில். ஆர்டர் எடுப்பது, பார்சல் கட்டுவது, மாலையில் போன் முன்னால் நின்று 'லைவ்' விற்பனை செய்வது எல்லாம் நான்தான். முதலாளியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் மகளுக்குப் பெயர் வைத்த அன்று, எங்கள் சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து, அவள் காலில் வெள்ளிக் கொலுசு போட்டுவிட்டவர் அவர். அந்த உரிமையில்தான், சம்பளம் தள்ளிப்போனபோது, "தீபாவளி முடியட்டும்மா, மொத்தமா தரேன்" என்றார். நானும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல், லைவில் சிரித்துச் சிரித்துச் சேலை விரித்தேன். தீபாவளி முடிந்தது. சேலைகளும் விற்றுத் தீர்ந்தன. சம்பளம் மட்டும் வரவில்லை. கடைசியில் வேலையை விட்டேன். அதன்பிறகு என் மெசேஜுக்கு நீல டிக் மட்டும்தான் வந்தது, பதில் வரவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை என்று படித்துத் தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் சம்பளம் வங்கியில் விழுந்ததற்கான சான்று, "அடுத்த வாரம் கண்டிப்பா" என்று அக்கா அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் அவருக்கும் தெரிந்தவர்கள். கோயிலில் என்ன பேசுவார்கள்? இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ? துறைமுகத்தில் லோரி ஓட்டும் என் கணவர் ஒருநாள் பொறுமை இழந்துவிட்டார். "பயமா இருந்தா விட்டுரு லா. ஆனா அப்புறம் உக்காந்து அழாத. வீட்ல ஒரு கொழந்த அழுவுறது போதும்."

விசாரணை அன்று காலையில் இன்னொரு குழப்பம். மகளுடைய காலில் அதே கொலுசு. கழற்றினால் நன்றி கெட்டத்தனம் போல இருந்தது. கழற்றாமல் போனால், அதைப் போட்டவர் மேலேயே புகார் சொல்லப் போகிறேன். கொக்கியைத் தொட்டதும் அவள் கத்தினாள். அப்படியே தூக்கிக்கொண்டு கொமுட்டர் ரயிலைப் பிடித்தேன்.

விசாரணை அறை வாசலுக்கு அக்கா வந்தார். முறைப்பார், திட்டுவார் என்று மனதைக் கெட்டிப்படுத்தி வைத்திருந்தேன். அவரோ என்னைப் பார்க்கவே இல்லை. என் மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். கடைக்குத் தூக்கிப்போன நாளெல்லாம் அவர் இடுப்பிலேயே இருந்த பிள்ளை, தாவிக்கொண்டு போய்விட்டாள். என் மடி காலியானது.

"இந்தக் கொலுச யாருடி போட்டா?" என்று குழந்தையிடம் கேட்டார். பிறகு குரலைத் தணித்து என்னிடம், "நீயும் நானும் இங்க வந்து நிக்கிற மாதிரியாமா பழகினோம்? கேஸ் இருந்தா பேங்க்ல லோன் குடுக்க மாட்டான். லோன் வந்தாதான் ஒனக்கே குடுக்க முடியும். உள்ள போயி எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு மட்டும் சொல்லு. லோன் வந்த அன்னைக்கே ட்ரான்ஸ்ஃபர் பண்றேன். இந்தப் பிள்ள மேல சத்தியம்" என்றார்.

பணம் கைக்கு வருமுன் புகாரைத் திரும்பப் பெறக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதையும் படித்திருந்தேன். ஆனால் என் பிள்ளை தலைமேல் அவர் கை இருந்தது. நான் தலையாட்டிவிட்டேன். ஆம், தலையாட்டிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. "சுடா செலெசாய், புவான்," எல்லாம் முடிந்துவிட்டது, மேடம் என்று அக்கா முந்திக்கொண்டு சொன்னார். அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. என்னைப் பார்த்து, பணம் கைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

அக்கா மடியில் மகள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள், கொலுசு சிணுங்கியது. ஆமாம் என்றால் அக்கா என் அக்காவாகவே இருப்பார். இல்லை என்றால் அவர் ஒரு அதிகாரி முன்னால் பொய் சொன்னவராகிவிடுவார். அதுவும் என் வாயால். காய்ச்சலில் கிடக்கும் ஆன்டி நினைவுக்கு வந்தார். அவரும் என்னை நம்பித்தானே பாக்கி கேட்காமல் இருக்கிறார்? இந்தப் பணம் வராமல் அவருக்கு எதைக் கொடுப்பேன்?

"பெலும், புவான்," என்றேன். இன்னும் இல்லை.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன். அதிகாரி கோபப்படவில்லை. எந்தெந்தத் தேதியில் எவ்வளவு தருவீர்கள் என்று அக்காவிடம் கேட்டு, அதை உத்தரவாகவே எழுதினார். தவறினால் நீதிமன்றம் வழியாக வசூலிக்கலாம் என்று இருவருக்கும் விளக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா குழந்தையை என்னிடம் கொடுத்தார். லிஃப்டில் ஏறினார். "டாட்டா!" என்று என் மகள் வழக்கம்போலக் கத்தினாள். அவர் திரும்பினார். கை பாதிவரை உயர்ந்தது. கதவு மூடிக்கொண்டது.

பணம் தவணை தவணையாக, முழுதும் வந்து சேர்ந்தது. முதல் தவணை வந்த அன்றே ஆன்டிக்குக் கொடுத்து முடித்தேன். அக்கா மட்டும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அப்படிச் செய்திருக்க வேண்டுமா என்று இன்னமும் சில நாள் யோசிக்கிறேன். ஆனால் மகள் அந்தக் கொலுசோடு வீடெல்லாம் ஓடும்போது, அன்பால் கிடைத்தது அவள் காலிலேயே இருக்கட்டும், உழைப்புக்கு உரியதைக் கேட்டதற்காக நான் தலைகுனிய வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.