அடிமை விடுதலையும் என் வெற்றிலைத் தட்டமும்

போன கிழமை என் மகள் அபி பல்கலைக்கழக வாய்மொழிப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். இத்தாலியில் இந்தப் பாலெர்மோ நகரத்துப் பிள்ளைகள் படித்ததை வீடு முழுக்க நடந்து நடந்து உரத்துச் சொல்லித்தான் மனதில் ஏற்றுவார்கள். எங்கள் வீடோ நாலடி வைத்தால் சுவர். அவள் போய் வரப் போய் வர எனக்குத் தலை சுற்றியது. நான் குசினியில் கோப்பி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் இத்தாலியனில் ஒரு பேச்சைத் தொடங்கினாள். அடிமை வேண்டும், வேண்டாம் என்று அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடிபட்ட காலத்தில், செத்த படையினரின் மயானத்தில் நின்று அந்த நாட்டு ஜனாதிபதி பேசிய சின்னப் பேச்சு. நடுவில் தடுமாறினாள். அடுத்த வரியை நான் எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பா! உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?"

"தெரியும். பேசாமப் படி."

கோப்பி பொங்கி அடுப்பில் வழிந்து கருகியது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பின் மேல் அல்ல, ஒரு கிழவன் மேல்.

முன்பு நான் வேலைக்கு நின்ற வீட்டுக்காரன். லிபெர்த்தா வீதியில் பெரிய வீடு. மனைவி செத்து, வரலாறு படிப்பித்து, பென்சன் எடுத்து இருந்த மனிதர். எல்லாரையும் போல நானும் புரொபெசோரே என்றுதான் கூப்பிடுவேன். சமையல், கூட்டல், துடைத்தல், அவருடைய காற்சட்டைக்கு மடிப்புத் தேய்த்தல், எல்லாம் நான். அங்கேயே படுக்கை. ஊரில் ஒரு தேத்தண்ணி போடத் தெரியாத நான் அங்கே மீனுக்கு முள் எடுத்துப் பரிமாறினேன். நான் சிவபாலன். அது வாயில் நுழையவில்லை என்று முதல் நாளே பாவ்லோ ஆக்கிவிட்டார். நுழையாததற்கு அதில் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். லத்தீனில் அரை மணித்தியாலம் மூச்சு விடாமல் கதைக்கிற வாய் அது.

அந்த அமெரிக்கச் சண்டைதான் அவருக்கு உயிர். பிரகடனங்கள், பேச்சுகள், தப்பி ஓடிய அடிமைகள் சொன்ன வாக்குமூலங்கள், எல்லாவற்றையும் இத்தாலியனில் எழுதி வைத்திருந்தார். வியாழக்கிழமை பின்னேரம் சிநேகிதர்களைக் கூப்பிட்டு வாசிப்பார். வீட்டோடு நின்று வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஊரில் வியாழன் பின்னேரம் லீவு. அது பாலெர்மோ வழக்கம், கல்லுக்கும் தெரியும். எனக்கு மட்டும் வியாழன் கிடையாது, கோப்பி கொடுக்க ஆள் வேண்டுமே. வடக்கு, தெற்கு என்று முதலில் காதில் விழுந்தபோது எங்கள் நாட்டுக் கதைதான் என்று நினைத்துக் கதவடியில் நின்று வாயைப் பிளந்து கேட்டேன். பிறகுதான் விளங்கியது. ஒருநாள், விலைக்கு வாங்கிய அடிமைகளுக்கு எசமான்கள் புதுப்பெயர் வைத்த கொடுமையைச் சொல்லிக் கண் கலங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவ்லோ, சீனி எங்கை?" என்றார். ஒரு வெட்கச் சிரிப்பாவது வரவேணுமே அந்த முகத்தில்? இல்லை.

என் மனைவி வதனி அப்போது கைக்குழந்தை அபியோடு வன்னியில் இருந்தாள். சமாதானம் என்று சொல்லிச் சண்டையை நிறுத்தி, வன்னியிலிருந்து கொழும்புக்குப் பாதை திறந்திருந்த காலம். இத்தாலியில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ என்னிடம் இருந்தது. ஆனால் குடும்பத்தைக் கூப்பிட அது போதாது, வீட்டுக்காரர் என் வேலையைப் பதிந்து கையெழுத்து வைக்க வேண்டும். ஒரேயொரு கையெழுத்து. பாதை எப்ப பூட்டும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. கேட்ட நேரமெல்லாம், "பாப்பம், பாப்பம்" என்பார்.

அடிமைகளுக்காக அழுகிற மனிதர், நேரம் காலம் பார்த்து முறையாகக் கேட்டால் மாட்டேன் என்பாரா? அப்படித்தான் நம்பினேன். எங்கள் ஆட்கள் பெரியவர்களிடம் ஒரு நல்ல காரியம் கேட்கப் போனால் வெறுங்கையோடா போவார்கள்? எங்கட ஆளின் கடையில் வெற்றிலை, பாக்கு, கதலிப்பழம் வாங்கினேன். சுவரில் தொங்கிய யாழ்ப்பாணத்துக் கலண்டரில் சுபநேரமும் பார்த்தேன். இங்கே அந்த நேரம் வரும்போது யாழ்ப்பாணத்தில் எல்லாரும் சாப்பிட்டுப் பாயைப் போட்டிருப்பார்கள் என்று இந்த மடைமண்டைக்கு ஓடவில்லை.

அந்த வியாழன் வாசித்தது அதே அமெரிக்க ஜனாதிபதியின் அடிமை விடுதலைப் பிரகடனம். வழமை போலக் குரல் தழுதழுத்தது. வந்திருந்த பெண்களில் ஒரு சின்ஞோரா கேட்டா: "அவரின்ரை பக்கம் நிண்ட மாநிலங்களிலையும் அடிமையள் இருந்தவைதானே? அவைக்கும் விடுதலையோ?"

"இல்லை சின்ஞோரா. எதிரியின்ரை பக்கத்து அடிமையளுக்கு மட்டும். தன்ரை பக்கத்து எசமான்மாரைப் பகைக்கேலுமே? அதுதான் அரசியல்."

காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. என் கண் மணிக்கூட்டில். முள்ளு சரியான இடத்துக்கு வந்ததும் தட்டத்தோடு உள்ளே போனேன். வெற்றிலைக்கு மேல் பழம், பழத்துக்குப் பக்கத்தில் என் வேலை ஒப்பந்தத் தாள், பேனா. குனிந்து நீட்டினேன்.

கிழவன் எழும்பி நின்றார். தாளைப் பார்க்கவில்லை, வெற்றிலையைத்தான் பார்த்தார். "பாருங்கோ, பாருங்கோ! இது அவையின்ரை நாட்டிலை நன்றி சொல்லுற முறை. எங்கடை வாசிப்பு இவன்ரை நெஞ்சைத் தொட்டிட்டுது!"

எல்லாரும் கை தட்டினார்கள். சின்ஞோரா என்னையும் தட்டத்தையும் படம் எடுத்தா. ஒருவர் வெற்றிலையைக் கடித்துத் துப்பினார். நான் தாளைக் காட்டி, "புரொபெசோரே, மனிசியும் பிள்ளையும்..." என்றேன். என் தோளில் தட்டி, "எங்களுக்குள்ளை என்ன கடதாசி, பாவ்லோ? நீ இந்த வீட்டுப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, தாளின் மேல் தன் கோப்பிக் கோப்பையை வைத்தார்.

அன்றே வெளிக்கிட்டேன் என்று சொல்ல ஆசைதான். எங்கே போவது? படுக்கையே அங்கேதான். "சி, புரொபெசோரே" என்று ஓம் போட்டுவிட்டுக் கோப்பைகளைக் கழுவினேன். கழுவிக்கொண்டே, நாசமாப் போவான், பாடையிலை போவான் என்று எனக்குத் தெரிந்த தூஷணம் எல்லாம் தமிழில் திட்டினேன். அவர் அங்கிருந்து, "பாட்டுப் பாடுறியோ பாவ்லோ?" என்றார்.

கொஞ்ச நாளில் ஒரேத்தோ வீதியில் வேறு வீட்டு வேலை கிடைத்தது. அந்த வீட்டுச் சின்ஞோரா பத்திரிகைகூட வாசிக்காதவ. கத்தரிக்காய் வெட்டிய கையைத் துடைக்காமலே கையெழுத்து வைத்தா. அதற்குள் பாதை பூட்டியாயிற்று. சண்டை முடிந்தபின் அந்தக் கையெழுத்தில் அபி வந்தாள், பெரியம்மா கொழும்பு வரை கூட்டிவந்து விமானம் ஏற்றிவிட. வதனி வரவில்லை. பங்கரை விட்டுத் தண்ணீர் எடுக்க வெளியே வந்தவளைச் செல்குண்டு விழுந்து கொன்றது.

அந்தக் கிழவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி எனக்குப் புத்தி சொல்ல ஒருத்தரும் வரவேண்டாம்.

அந்தக் காலத்தில் ஊருக்குக் கதைக்க போர்கோ வெக்கியோச் சந்தைப் பக்கம் ஒரு டெலிபோன் கடை இருந்தது. வரிசையாகக் கண்ணாடிக் கூடுகள், உள்ளே வேர்வை மணம், பக்கத்துக் கூட்டில் யாரோ அழுகிற சத்தம். இப்போது அந்த இடத்தில் மொபைல் உறை விற்கிறார்கள். காசு கொடுத்து அழக் கூடு தேடுவாரும் இல்லை. தட்டம் கொண்டுபோன அடுத்த ஞாயிறு அங்கே நின்றுதான் வதனிக்கு எடுத்தேன். அவர் மாட்டன் எண்டிட்டார் என்றேன்.

"என்னப்பா, அந்த மனிசன் நல்லவர் எண்டு சொன்னனீங்கள். அடிமையளுக்காக அழுறவர் எண்டெல்லாம் சொன்னனீங்கள். இன்னொருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

"ஓம், கேக்கிறன்."

அந்தக் கிழமைதான் பாதை பூட்டியது, வன்னிக்கு லைனும் போயிற்று. பிள்ளை நடக்கிறாளா என்றுகூட அன்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு மிஞ்சியிருந்த கடைசிப் பேச்சையும் அந்தக் கிழவன்தான் தின்றான்.