குரல் போன பிறகு சில்வெஸ்டர்

சில்வெஸ்டர் இளவயதில் எழுதிய நாடகங்களில் சாகக் கிடப்பவன்கூட முக்கால் பக்கம் பேசிவிட்டுத்தான் சாவான். ரிச்சர்ட்ஸ் டவுன் மாதா கோயில் மண்டபத்தில் அப்படியொரு நாடகத்தைப் பார்த்த ஊமைப்படக் கம்பெனிக்காரர் ஒருவர் அவரை டைரக்டராகக் கூப்பிட்டார்.

"பேச்சே இல்லாத படத்துக்கு நான் எதுக்கு பவுலின்?" என்று மனைவியிடம் வந்து புலம்பினார். அப்போது அவர்களுக்குக் கல்யாணமான புதிது. அவர் ஊமைப்படத்துக்குப் பழகுவதற்காக பவுலின் ஒரு பகல் முழுக்க வாய் திறக்காமல் கோபத்தையும் பசியையும் நடித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்துப்போனது.

நான்கு படங்கள் எடுத்தார். பேசும்படம் வந்ததும் கம்பெனியை மூடினார்கள். கிடங்கில் பிடித்த தீயில் நான்கும் போயின. சில்வெஸ்டர் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா ஆனார். யாராவது படங்களைப் பற்றிக் கேட்டால், "எரிஞ்சிடுச்சுப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

1953இல் அவர் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. வீடு திரும்பியவர் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். பூசைக்குக்கூடப் போகவில்லை.

அடுத்த தவக்காலத்தில், கோயிலில் சிலுவைப்பாட்டைக் காட்டும் பாஸ்கா நாடகத்தை நடத்தும் பெர்னார்ட் வந்தார். "அண்ணே, இராயப்பரா வர்றவன் கட்டை மாதிரி நிக்கிறான். ஒரு தடவை வந்து பாருங்கண்ணே."

சில்வெஸ்டர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெர்னார்ட் தலைகுனிந்து வெளியேறியதும் பவுலினுக்குத் தாங்கவில்லை.

"நாலு படம் எடுத்தீங்களே, அதுல ஒருத்தராவது பேசினாங்களா?"

கையிலிருந்த டம்ளரை அவர் ணங்கென்று வைத்தார். அந்த வாரம் முழுக்க அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஞாயிறு மாலை, தானாகவே எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். பவுலினும் கூடவே போனாள்.

மண்டபத்தில், பயந்துபோய்த் தன் குருவையே மறுக்கும் சீடர் இராயப்பரின் வேடக்காரன் மரியநாதன், "அவரை எனக்குத் தெரியாது!" என்று கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தான். சில்வெஸ்டர் மேடையேறி அவனை ஓரமாக நிறுத்தினார். இராயப்பரை அடையாளம் காணும் வேலைக்காரியின் வசனத்தைச் சொல்லும்படி பவுலினுக்குக் கையசைத்தார். பிறகு தரையில் குந்தி, இல்லாத நெருப்பில் குளிர்காய்ந்தார்.

"நீயும் அவரோட இருந்தவன்தானே?" என்று பவுலின் கேட்டாள்.

அவர் நிமிர்ந்து லேசாகச் சிரித்தார். விரல்கள் மட்டும் மெல்ல மடங்கின. அந்தச் சிரிப்பு பவுலினுக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முந்தைய நாள், "பயமா இருக்கா?" என்று கேட்டபோது அவர் சிரித்தது அப்படித்தான். மரியநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெரிய வெள்ளியன்று மரியநாதன் நடித்த நாடகத்தில் பாதி வசனம் இல்லை; சில்வெஸ்டர் வெட்டிவிட்டிருந்தார். பக்கத்து வீட்டு லட்சுமம்மா பவுலினின் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ பாவம், அந்தப் பையன் நெருப்புகிட்ட குந்தினானே, எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு தவக்காலமும் சில்வெஸ்டர் மண்டபத்தில்தான் இருந்தார். கோபம் வந்தால் கையைத் தட்டுவார். நன்றாக நடித்தவர்களின் கன்னத்தைத் தட்டுவார். 1961 டிசம்பரில், மத்தியானத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

தவக்காலம் வந்தபோது பெர்னார்ட் வாசலில் தயங்கி நின்றார். "இந்த வருஷம் என்ன பண்றதுன்னே தெரியலக்கா."

"இருங்க," என்று பவுலின் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "கதவைப் பூட்டிட்டு வர்றேன்."