சுபைதா கழுவிய டிஸ்கெட்டு

உறையிலிருந்து உருவியதும் சுபைதா டிஸ்கெட்டை முதலில் முகர்ந்து பார்க்கிறார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதும் கம்ப்யூட்டருக்குள் செருகுவதும் அப்புறம்தான்.

"கருவாடு," என்றார் அன்று. எதிரே நின்ற ஜக்கரியா பாசிர் பெனம்பாங்கில் கருவாட்டு மொத்த வியாபாரி. மறுக்க வழியில்லை.

"மூட்டை மேல வச்சீங்களா, மூட்டைக்குள்ளேயே வச்சீங்களா மாமா?"

ஜக்கரியாவின் புகார் வேறு. சரக்குப் பட்டியலில் புதிதாக எதைச் சேர்த்தாலும் கம்ப்யூட்டர் சேமிக்க மறுக்கிறது. சுபைதா டிஸ்கெட்டின் ஓரத்தைத் தடவி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றை நகத்தால் உரித்தெடுத்தார். அந்த ஓரத்தில் சின்னதாக ஒரு சதுர வெட்டு உண்டு. அதை மூடினால் கம்ப்யூட்டர் படிக்கும், எழுதாது. ஓட்டை வழியாகக் காற்று புகுந்துவிடுமோ என்று பயந்து ஒட்டியதாக ஜக்கரியா சொன்னார்.

"காத்து பூந்தா அதுக்குச் சளி பிடிக்காது மாமா. உங்களுக்குத்தான் என்னமோ பிடிச்சிருக்கு."

குவாலா செலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே அண்ணன் சீனி முகம்மதுவின் சாப்பாட்டுக் கடை. அதன் பின்பாதியைப் பலகையால் தடுத்து சுபைதா தட்டச்சுக் கடை நடத்துகிறார். முன்னால் மீ கோரிங் நூடுல்ஸ் கிளறும் சத்தம், பின்னால் பிரிண்டர் கத்தும் சத்தம். வயது முப்பத்தைந்து. எட்டு மாதம் கிளாங்குக்கு பஸ்ஸில் போய்வந்து கம்ப்யூட்டர் படித்தார். அப்போது சிரித்தவர்களெல்லாம் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் சிரித்த தேதியை சுபைதா மறக்கவில்லை. வேலை முடியும்வரை ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பார்.

வரிசைக்குக் காரணம் தபால். இரண்டு வருஷமாகக் கோலாலம்பூர் அலுவலகங்கள் கடிதத்தோடு டிஸ்கெட்டையும் அனுப்புகின்றன. பதிலையும் அப்படியே கேட்கின்றன. கடிதத்தின் அடியில் "இணைப்பு: ஒன்று" என்று இருக்கும். கடிதம் திறக்கும், இணைப்பு திறக்காது. சுங்கை பெசார் நெல் ஆலைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிமார் என்று எல்லாரும் அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறார்கள். பத்து டிஸ்கெட்டில் ஒன்பதை மனிதர்களே கெடுக்கிறார்கள், பத்தாவதையும் மனிதர்தான் கெடுத்தார், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது சுபைதாவின் கட்சி. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் டிஸ்கெட்டை வைத்துவிட்டுப் போன சங்கச் செயலாளருக்கு, பெட்டிக்குள் இருக்கும் காந்தம் உறுப்பினர் பட்டியலைத் துடைத்துவிட்டது என்று சுபைதாவே விளக்கினார். விளக்கிவிட்டு, "உங்க ஆளுங்க எல்லாம் பாட்டாப் போயிட்டாங்க," என்று கையை விரித்தார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் உச்சி வேளையில் உடையப்பன் வந்தார். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் சின்னக் கிராணி. சட்டைப் பையில் இரண்டு பேனா, நெற்றியில் முந்தின நாள் சந்தனத்தின் மிச்சம். சுபைதா டிஸ்கெட்டை முகர்ந்தார். அதையும் அவர் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார்.

விஷயம் சின்னதல்ல. தோட்டத்தின் ஓரமாக நிலம் ஒதுக்கி, தொழிலாளர்களுக்கு வீட்டு மனை தரக் கம்பெனி முன்வந்திருந்தது. தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளை விட்டு வெளியேற அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த முதல் வழி அது. விண்ணப்பித்த அறுபத்திரண்டு குடும்பங்களின் பட்டியல் அன்று மாலை ஐந்து மணிக்குள் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் டிஸ்கெட்டாக இருக்க வேண்டும். பிந்தினால் மனை அடுத்த தோட்டத்துக்குப் போகும். உடையப்பன் மூன்று வாரம் வீடு வீடாகப் போய் விவரம் கேட்டு வந்து நேரே கம்ப்யூட்டரில் தட்டியிருந்தார். பிரிண்டர் ரிப்பன் தீர்ந்து ஒரு மாதமாகிறது. தாளில் எதுவும் இல்லை. இருந்த ஒரே டிஸ்கெட்டு திறக்கவில்லை. கோலாலம்பூர் பஸ் இரண்டரைக்கு.

ஆபீசில் டைப்ரைட்டருக்கும் தராசுக்கும் பொட்டு வைத்தவர்கள் இதை மட்டும் விடுவானேன் என்று நினைத்ததாக உடையப்பன் மெதுவாகச் சொன்னார். டிஸ்கெட்டின் அட்டையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கிறது. உள்ளே கறுப்பாகப் பளபளக்கும். பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் போல அவருக்குப் பட்டிருக்கிறது. சந்தனத்தைக் குழைத்து, குங்குமமும் வைத்திருக்கிறார்.

"பூஜை பண்ணுனது சரி, கிராணி. சந்தனத்தை நெத்தியில வைப்பாங்களா, வாய்க்குள்ள அப்புவாங்களா?"

"நல்லா வரணும்னுதான் வச்சேன், தங்கச்சி."

காலையிலிருந்து பதினான்கு தடவை முயன்றதாகவும் சொன்னார். சுபைதா கண்ணை மூடித் திறந்தார். பதினான்கு தடவையும் சந்தனம் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும்.

பிளேடால் அட்டையின் ஓரத்தைக் கீறி, உள்ளே இருந்த மெல்லிய கறுப்பு வட்டத்தை விளிம்பில் பிடித்து உருவினார். அதை எடுத்துக்கொண்டு நேரே சாப்பாட்டுக் கடையின் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போனார். சீனி முகம்மது ஆட்சேபித்தார். கறித்தட்டு கழுவுகிற இடத்தில் ஆபீஸ் சாமானா என்று கேட்டார். "உங்க தட்டைவிட இது சுத்தம், நானா," என்று அண்ணனுக்குப் பதில் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, விரல் நுனியால் மட்டும் தடவல். சந்தனம் மஞ்சளாகக் கரைந்து ஓடியது. உடையப்பன் பக்கத்தில் நின்று, பிள்ளைக்கு முதல் மொட்டை போடுவதைப் பார்ப்பவர் போலப் பதறினார்.

மேஜை விசிறியின் முன்னால் அரை மணி நேரம் காயவைத்தார். புது டிஸ்கெட்டு ஒன்றைக் கீறி, அதன் அட்டைக்குள் வட்டத்தைச் செருகினார். கம்ப்யூட்டர் இரண்டு முறை உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. சன்னாசி, சின்னத்தாய், நல்லசாமி. உடையப்பன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

சுபைதா எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கெட்டுக்கு மாற்றிவிட்டு, பட்டியலை மேலும் கீழும் ஓட்டினார்.

"உங்க பேரு எங்க?"

எழுதவில்லை என்றார் உடையப்பன். நீல ஐசி, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை, உள்ளவருக்குத்தான் மனை. அவருடையது சிவப்பு. அதே தோட்டத்தில் பிறந்தவர்தான். பிறப்பைப் பதிய வேண்டும் என்று அவர் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் இன்றுவரை குடியுரிமை இல்லை.

"அண்ணிக்கு என்ன கலர்?"

"நீலம். ஆனா பாரத்துல குடும்பத் தலைவர்னு போட்டிருக்கே. புருஷன் நான் இருக்கேன்ல."

"டிஸ்கெட்டுக்குப் பொட்டு வைக்கிறப்ப எந்த ரூலைப் பாத்தீங்க, கிராணி?"

எதிர்ப்புறத்தில் பஸ் வந்து நின்றது.

"அண்ணி பேரும் நம்பரும் சொல்லுங்க."

மனைவியின் பெயரையும் ஐசி எண்ணையும் அவர் தாளைப் பார்க்காமல் ஒரே மூச்சில் சொன்னார். சுபைதா அறுபத்துமூன்றாவது வரியில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் புஷ்பவள்ளி என்று தட்டினார். சேமிக்கும் விசையை அழுத்தினார். உடையப்பனின் விரல் அந்தக் கட்டத்தைத் திருத்துவதற்குக் கம்ப்யூட்டர் பக்கம் நீண்டது. சுபைதா விசைப்பலகையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். டிஸ்கெட்டில் எழுதி முடித்து டிரைவின் விளக்கு அணையும்வரை எடுக்கவில்லை.