போமலினில் இட்ட உண்ணிகள்

கல்லூரியொன்றில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தேன். மாட்டிலும் ஆட்டிலும் ஒட்டும் உண்ணிகள் ஒரே இனம் என்ற என் கட்டுரையை அதுவரை எவரும் மறுத்ததில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருக்கும் என் முன்னாள் மாணவி, புதிதாகப் பிடித்தவற்றின் மரபணுவைச் சோதித்து, அவை இரண்டு இனங்கள் என்றார்.

"சேர், நீங்கள் சேர்த்த பழைய உண்ணியளையும் தாங்கோ. அதுகளையும் பாத்திட்டு முடிவெடுப்பம்."

என் நற்பெயர் அவ்வுண்ணிகளை இட்டு வைத்திருந்த போத்தல்களில்தான் தங்கியிருந்தது; நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சேர், குறை நினையாதேங்கோ. வெளியிலை வடிவா இருக்கு. உள்ளுக்கை மரபணுவை, பழுதாகாமலிருக்க விட்ட போமலின் சிதைச்சுப்போட்டுது. ஒண்டும் எடுக்கேலாது."

சாட்சியின்றி என் கட்டுரை விழுந்தது. தோல்விக்கு அஞ்சி, கொடுக்குமுன் நானே போமலினை ஊற்றிக் கெடுத்தேன் என்று சிலர் கதைக்கிறார்கள். அது உண்மையன்று. அவ்வுண்ணிகளைப் பிடித்த அன்றே போமலினில் இட்டேன். அந்நாளில் நானறிந்த முறை அதுவே.