வரி நத்தை மூன்று

அன்று மீன் கடையில் இருந்தவர்கள் அம்மா, மாமா, நான், கடைக்கார அக்கா, அந்த அக்காவின் மடியில் தூங்கிய கைக்குழந்தை. அவ்வளவுதான். அப்பா வரவில்லை, அவரால் வர முடியாது. ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தபோது பைப் சரிந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து, திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டில் கட்டிலோடு கிடந்தார். பொழுது போகட்டும் என்று மாமா ஒரு மீன் தொட்டி வாங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நாலு மீன். இரண்டே மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சையாகப் பாசி ஏறிவிட்டது.

அப்பா அதிகம் பேசாமல் போயிருந்த காலம் அது. ஒருநாள் அவராகவே, "கண்ணாடி மறைக்குது" என்றார். மாமா துணியோடு வந்தார். கையை விட்டால் மீன் பயந்தே செத்துப்போகும் என்று நான் அழுது தீர்த்துவிட்டேன். எதற்கெடுத்தாலும் எது சாகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். இன்றைக்கும் அப்படித்தான். கடைசியில், நத்தை விட்டால் பாசியைத் தின்னுமாம் என்று யாரோ சொல்ல, அப்பாவுக்கு மருந்து வாங்க சேலம் போன அன்று சூரமங்கலத்தில் அந்தக் கடைக்குள் நுழைந்தோம்.

எனக்கு மஞ்சள் நிறத்தில் எலுமிச்சம்பழம் அளவு இருந்த நத்தைதான் பிடித்தது.

"அது பார்வைக்குத்தான் சாமி. தொட்டியில இருக்கற செடியவெல்லாம் தின்னுபோடும்" என்றார் அக்கா.

"அப்ப எங்க மச்சானுக்குத் தோதா ஒரு நத்தை குடுங்க, வேளாவேளைக்குத் தின்னாப் போதும்" என்றார் மாமா. அம்மா அவரை முறைத்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"நத்தைக்குக் காசா? எங்கூரு வாய்க்கால்ல கூடை கூடையா அள்ளலாமுங்க."

"அள்ளலாமுங்க. ஒண்ண உட்டா ஆறு மாசத்துல நூறு ஆயிப்போடும். அப்பறம் மீனுக்கு எடமிருக்காது. இந்த வரி நத்தையப் பாருங்க. உப்பில்லாத நல்ல தண்ணியில முட்டை வெச்சாலும் பொரியாது. பாசிய மட்டுந்தான் மேயும்."

சுண்டைக்காய் அளவில், கறுப்பும் பழுப்புமாய் வரி ஓடிய நத்தைகள். கீழே கிடப்பதை எடுக்காதே, கண்ணாடியில் கெட்டியாக ஒட்டியிருப்பதை எடு என்று அக்கா சொல்லித் தந்தார். ஒன்றை எடுத்தேன். தனியாக இருந்தால் பயப்படுமே என்று இரண்டாவது. இரண்டுக்கும் சண்டை வந்தால் விலக்கிவிட ஆள் வேண்டுமே என்று மூன்றாவது. பஸ்ஸில், நத்தைகளைப் போட்டுத் தந்த தண்ணீர்க் கவரை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் தூக்கிப் பிடித்தபடி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கவலை. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. அது நத்தைக்கு ஆகுமா? அப்பாவுக்கு உடம்பு தேறட்டும் என்று அம்மா செப்புக்குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பார். எங்கள் வீட்டில் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. யாருக்கும் தெரியாமல் தினமும் இரண்டு சொம்பு எடுத்துத் தொட்டியில் ஊற்றினேன்.

மூன்றாம் நாள் நத்தைகள் தண்ணீரை விட்டு மேலே ஏறின. மூன்றும் விளிம்பில் வந்து ஒட்டிக்கொண்டன.

"அப்பா, உங்களப் பாக்கத்தான் ஏறி வருது!"

விபத்துக்குப் பிறகு அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "ஆமா சாமி, நலம் விசாரிக்க வருதாட்ட இருக்குது" என்றார். அந்தச் சிரிப்புக்காக மறுநாள் நாலு சொம்பு ஊற்றினேன்.

அந்த வாரத்துக்குள் மூன்றும் செத்துவிட்டன. நாற்றம் தாங்காமல் அம்மாதான் கண்டுபிடித்தார். செம்பு பட்ட தண்ணீர் நத்தைக்கு விஷம் என்பதை, என் மகளுக்குத் தொட்டி வாங்கப் போன இடத்தில் போன வருடம்தான் கேள்விப்பட்டேன். அவை நலம் விசாரிக்க ஏறவில்லை, தப்பிக்க ஏறியிருக்கின்றன.

நத்தை செத்த அன்று நான் அழுத அழுகையில் அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். "நத்தை போனாப் போவுது. மாமன உட்டுத் தொடைக்கச் சொல்லு. மீனு ஒண்ணுஞ் சாவாது, நாஞ் சொல்றேனில்ல?" என்றார். அவர் சொன்னதால் சரி என்றேன். மாமா பத்தே நிமிடத்தில் துடைத்து முடித்தார். ஒரு மீனும் சாகவில்லை.

தொட்டிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அன்று எழுதிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்தால், அப்பா தலையைத் திருப்பித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனை மறைக்கிறேனோ என்று நோட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

"நவுராத சாமி. அங்கயே உக்காந்து எழுது."

ஏழாம் வகுப்பு முடிய அப்போது ஒரு மாதம்கூட இல்லை. ஜூனில் எல்லோரும் பள்ளிக்குப் போனார்கள், நான் தறி வேலைக்குப் போனேன். அதை வீட்டில் பெரியவர்கள் எந்த நாளில் பேசி முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்ப உட்கார்ந்து கணக்கு எழுதினேன். மீன்கள் நாலும் மோட்டார் பக்கத்து மூலையில் ஒதுங்கியிருந்தன. அப்பாவின் கண் அந்த மூலைக்குப் போகவே இல்லை. மீனைப் பார்க்கத் தெரியாத மனிதராக இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, அவருக்காக விரலால் கண்ணாடியைத் தட்டி மீன்களை நடுவுக்கு விரட்டிவிட்டேன்.