பக்கத்துப் பெயரைப் போடு

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு சிமெண்டுக் கடை மாடியில் வேலைத் தேர்வுகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். ஆறு வருடமாகிறது. என்னிடம் படித்து வேலைக்குப் போனவர்களின் போட்டோக்களை மாடிப்படிச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறேன். போகாதவர்களுக்குச் சுவரில் இடமில்லை. அப்படி இடமில்லாமல் போனவர்களில் என் அண்ணன் மனைவியும் ஒருவர். அதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. உள்ளே வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மதினி என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தபாலில் பி.ஏ. முடித்தவர். அண்ணன் குவைத்தில் ஒரு கம்பெனியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் மூன்றாம் வகுப்பு. அண்ணன் ஊரிலிருந்த நாட்களைக் கூட்டினால் மகளுடைய வயதில் ஒரு வருடம்கூடத் தேறாது. மதினிக்கு ஓர் அரசு வேலை கிடைத்துவிட்டால் அண்ணன் வந்துவிடலாம் என்பது இரண்டு பேருக்கும் இடையிலிருந்த ஒப்பந்தம். அதற்காகவே நிலக்கடலைக் காட்டு வேலையையும் பார்த்துவிட்டு, மத்தியானத்தில் என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். வயது வரம்புப்படி போன வருடத் தேர்வுதான் அவருக்குக் கடைசி.

ஆங்கிலத் தாளில் ஒரு வகைக் கேள்வி உண்டு. வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, அதில் வருகிற 'அவர்' யாரைக் குறிக்கிறது என்று கேட்பார்கள். நிதானமாகப் படித்தால் யாருக்கும் புரியும். தேர்வில் நிதானத்துக்கு எங்கே போவது? அதனால் கோச்சிங் சென்டர் என்றாலே ஷார்ட்கட்தான். நான் வைத்திருந்த ஷார்ட்கட் இது: 'அவர்' என்ற சொல்லிலிருந்து பின்னோக்கிப் போ, முதலில் எதிர்ப்படுகிற ஆள் பெயரைப் போடு, அடுத்த கேள்விக்கு நகரு. பெரும்பாலும் சரியாக வரும். வராத இடமும் உண்டு, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். அடுத்த தெருவில் இன்னொரு சென்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சொல்லாமல் விட்டேன்.

மதினிக்கு இந்த ஷார்ட்கட் ஒட்டவே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கிற ஆட்களை நிஜ மனிதர்களாக நினைத்துக்கொள்வார். மருமகள் மாமியாரிடம் சாவியைக் கேட்டார், ஏனென்றால் அவர் தன் சாவியைத் தொலைத்துவிட்டார் என்று வந்தால், "கேக்குறவகிட்ட சாவி இல்லைல்ல, அப்ப தொலைச்சது மருமகதான்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு விடை போடுவார். அதிசயம், அநேகமாகத் தப்பாகாது. ஆனால் நேரம் இழுக்கும். எனக்கு எரிச்சல் வரும்.

"மதினி, குடும்பக் கதை பேசவா வந்தீங்க? ரூலைப் போட்டுட்டு நகருங்க" என்பேன். வகுப்பே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

"இல்லத்தா, யாரு என்னன்னு பாக்காம எப்படிப் போடுறது?"

"பாக்க வேணாம். எண்ணுங்க. அதுக்குத்தான் ரூலு."

நாலு மாதம் இதே பாட்டு. கடைசியில் எண்ணப் பழகிவிட்டார். மாதிரித் தேர்வுகளில் பத்து நிமிடம் மிச்சம் பிடித்தார். நான் ஏதோ சாதித்த மாதிரி அண்ணனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். என்ன கொழுப்பு எனக்கு!

தேர்வு திருச்சியில் நடந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கேள்வித்தாளை வெளியே கொண்டுவர முடியாது. அதனால் எழுதிய பிள்ளைகள் அன்றைக்குச் சாயங்காலமே சென்டருக்கு வந்து, ஆளுக்கு நாலு கேள்வி என்று நினைவிலிருந்து சொல்வார்கள். நான் போர்டில் கேள்வியை எழுதி, விடையையும் எழுதுவேன். அவரவர் தங்கள் மார்க்கைக் கூட்டிப் பார்த்துக்கொள்வார்கள். நிஜ விடைகள் இணையத்தில் வர இரண்டு வாரமாகும். அதுவரைக்கும் என் போர்டுதான் அவர்களுக்குச் சட்டம்.

அன்றைக்கு மதினி பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மாடிக்கு வந்தார். படியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா எழுதிருக்கேன்னுதான் தோணுது. அவுக கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாகளாம். இந்த வாரத்துக்குள்ள சொல்லணுமாம். நீ போடுற ஆன்சரைப் பாத்துட்டுத்தான் சொல்லணும்னு இருக்காக."

வகுப்பு நிறைந்திருந்தது. ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு பெண் எழுந்து அந்தக் கேள்வியைச் சொன்னாள். மேனேஜர் வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டார், ஏனென்றால் அவர் தேவையில்லாமல் கத்திவிட்டார். அந்த 'அவர்' யார்?

எழுதி முடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தியவன்தானே மன்னிப்புக் கேட்பான்? மேனேஜர். சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் என் ரூல்படி பின்னோக்கிப் போனால் முதலில் எதிர்ப்படுவது வாட்ச்மேன். திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் வாட்ச்மேன் போட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கேள்வியைச் சொன்ன பெண் மட்டும் இழுத்தாள். "மிஸ், அது மேனேஜரா இருக்குமோ?"

"ரூலுன்னா ரூலு. ஆளுக்கு ஆள் மாத்த முடியுமா? உக்காரு" என்று ஒரு சத்தம் போட்டேன். போர்டில் வாட்ச்மேன் என்று எழுதி, கீழே கோடும் இழுத்தேன். கோடு நேராகத்தான் விழுந்தது.

எல்லோரும் போன பிறகு மதினி நோட்டில் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். "போன வருசத்துக் கட்ஆஃபைத் தாண்டிருச்சுத்தா. சரியா ஒரு கேள்வி கூட" என்றார். முகமெல்லாம் வியர்வை. "அந்த வாட்ச்மேன் கேள்விக்கு எனக்கு மொதல்ல மேனேஜர்னுதான் பட்டுச்சு. பாவம், வாட்ச்மேன் எதுக்குக் கத்தப் போறான்னு. அப்புறம் ஒன் ரூலு ஞாபகம் வந்து மாத்திப்புட்டேன். இல்லாட்டிப் போயிருக்கும்ல?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எங்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே யாருமில்லை. வாயைத் திறந்தேன். "ஆமா மதினி" என்று வந்தது.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார். அண்ணன் போனில் அழுதது மேலே எனக்குக் கேட்டது. நான் டஸ்டரை எடுத்து போர்டை அழித்தேன்.

அண்ணன் கம்பெனியில் முடியாது என்று சொல்லிவிட்டார். பத்தாம் நாள் திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்கினார். மகள் அவர் தோளைவிட்டு இறங்கவில்லை. தென்னைக்கு உரம் வைப்பது பற்றியும், மதினிக்கு எந்த ஊரில் போஸ்டிங் வரும் என்பது பற்றியும் வாய் ஓயாமல் பேசினார். நான் அவர் வாங்கி வந்த மிட்டாயைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நிஜ விடைகள் வந்த அன்று மதினி தன் போனில் பார்த்தார். வாட்ச்மேன் கேள்விக்கு மேனேஜர் என்றிருந்தது. ரிசல்ட்டில் கட்ஆஃப் அதற்கு முந்தின வருடம் எவ்வளவோ அதேதான். மதினி அதைத் தொடவில்லை. அந்த ஒரு கேள்வி, அதற்குப் பிடித்த மைனஸ் மார்க்.

அண்ணன் அதிர்ந்துபோய் உட்கார்ந்தார். "தங்கச்சி போட்ட ஆன்சர்ல சரியா வந்துச்சே? எப்படி?"

நான் சுவரைப் பார்த்தேன். மதினிதான் பேசினார். "அவ சரியாத்தான் போட்டா. நான்தான் பரபரப்புல தப்பாக் கூட்டிட்டேங்க."

அண்ணன் அதை நம்பினார். கோபப்படக்கூட இல்லை. பழைய கம்பெனியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஏஜெண்ட் ஒருவர் மூலமாக இன்னொரு விசா கிடைத்தது. பாலைவனத்துக்கு உள்ளே, தண்ணீர் லாரி. மூன்று வருடம் முடியாமல் லீவு கிடையாது.

அவர் கிளம்பிய காலையில் பெட்டியெல்லாம் காரில் ஏற்றியாயிற்று. அண்ணன் என் தலையில் கை வைத்தார். "அவளுக்காக நீ எம்புட்டோ பாடுபட்டத்தா. நம்ம நேரம் சரியில்ல, அதுக்கு நீ என்ன பண்ணுவ. பாப்பாவையாவது நீ பாத்துக்க. சாயங்காலம் சாயங்காலம் ஒங்கிட்ட இங்கிலீஷ் படிக்கட்டும்."

மதினி காரின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே சொன்னார்.

"வேணாங்க. பாப்பாவுக்கு நானே சொல்லிக் குடுத்துக்கிறேன்."