அப்பா துடைத்துக் கொடுத்த கண்ணாடி

கூடி வந்த காரியத்தைக் கெடுப்பதில் எங்கள் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது என்று பத்து வயதிலேயே முடிவு கட்டியவள் நான்.

அப்பாவுக்குக் கோட்டாற்றில் ஒரு தடிக்கடையில் மரம் அறுக்கும் வேலை. மெஷின் எதுவும் அந்தக் கடைக்கு அப்போது வரவில்லை. ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் மேல் தடியைக் கிடத்தி, மேலே ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக நீள வாளை இழுப்பார்கள். மேலே நிற்பவருக்கு வெயில், கீழே நிற்பவருக்குத் தூள். அப்பா கீழே. அயனியோ ஈட்டியோ, எந்த மரத்தை அறுத்தாலும் தூள் முழுவதும் அவர் தலையிலும் மூக்கிலும்தான் இறங்கும். சாயங்காலம் முதலில் இருமல் வரும், பின்னால் அப்பா வருவார். இந்த இருமலோடு இன்னொரு மழைக்காலத்தை அவர் தாண்டமாட்டார் என்று அம்மாவுக்குப் பயம். குழியை விட்டு மேலே ஏறச் சொல்லித் தினமும் மன்றாடுவாள். அவர் கேட்டுக்கொண்டே கஞ்சியைக் குடித்து முடிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். அறுப்புக்காரர்கள் இழுக்கும் மூச்சில் எவ்வளவு தூள் போகிறது என்று அளக்கப் போகிறாராம். நெல்லை அளப்பார்கள், எண்ணெயை அளப்பார்கள், தூளை யார் அளப்பார்கள் என்று கடைத்தெருவே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. தூள் அதிகம் தின்கிறவரை மேல்வேலைக்கு மாற்றுவதாக முதலாளி டாக்டருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

டாக்டருக்கு மலையாளம் மட்டும்தான் தெரியும். எங்கள் ஊர் அன்று திருவிதாங்கூரில் இருந்ததால் நான் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் மொழிபெயர்த்துச் சொல்ல மேஸ்திரி என்னையே கூப்பிட்டுவிட்டார். எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

குழிக்குள் நிற்கும் நான்கு பேர் கழுத்திலும் டாக்டர் ஆளுக்கொரு கண்ணாடிச் சில்லைக் கட்டித் தொங்கவிட்டார். அதில் பிசுபிசுவென்று எதையோ பூசியிருந்தார். மத்தியானம் வரை ஒட்டுகிற தூளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவாராம். கையால் தொடக்கூடாது என்று அவர் ஒரு தடவை சொன்னார். நான் தமிழில் மூன்று தடவை சொன்னேன், அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

மத்தியானம் மூன்று பேரின் சில்லுகளிலும் தூள் அப்பிக் கிடந்தது. அப்பாவுடையது மட்டும் பளபளவென்று மின்னியது. துண்டின் நுனியால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்திருந்தார். இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாதுதான். அதை அங்கேயா காட்ட வேண்டும்?

“பிறத்தியாருக்க சாமானம்லா மக்கா. அழுக்காக்கியா திருப்பிக் குடுக்கது?” என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. டாக்டர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. வாயால் கேட்டாவது எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டைத் திறந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே அப்பாவிடம், “ஒரு திவசம் எத்ற பொடி மூக்கில் கேறும்?” என்று கேட்டுவிட்டார். ஒரு நாளைக்கு எவ்வளவு மூக்கில் ஏறும் என்கிறார். மலையாளத்தில் பொடி என்றால் தூசி. எங்கள் தெருவில் பொடி என்றால் மூக்குப்பொடி.

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, “பொடியா? அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் நமக்குக் கிடையாது ஏமானே” என்றார்.

மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் கேட்டது மரப்பொடியை என்று நான் கத்தினேன்.

“நீ சும்மா இரி மக்கா. பெரியவங்க பேசுதோம்லா.”

டாக்டர் என்னமோ எழுதி நோட்டை மூடினார்.

அன்று வீட்டில் அம்மா ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. “ஒங்களுக்குக் கூறு உண்டுமா?” என்று ஆரம்பித்து, துணைக்குப் போயும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதாக எனக்கும் சேர்த்துக் கொடுத்தாள். அப்பா வழக்கம்போலக் கஞ்சி குடித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாளே அவரைச் சிலேட்டின் முன் உட்கார வைத்து மலையாளம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். பதினைந்து நாள் மாரடித்தேன். முதல் எழுத்தையே தினமும் புதிதாகத் தப்புச் செய்வார். இப்படியும் ஒரு மண்டை உண்டா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அதற்குள் தடிக்கடையில் முடிவு வந்துவிட்டது. முதலாளி யாரையும் மேலே ஏற்றவில்லை. நெஞ்சு கெட்டவர்களை வேலைக்கு வைத்து நாளைக்கு ஏதாவது ஆனால் பழி தன் தலையில் விழும் என்று சொல்லி, தூள் ஒட்டிய அந்த மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். சுசீந்திரம் பக்கத்திலிருந்து புது ஆட்கள் வந்து குழிக்குள் இறங்கினார்கள். அனுப்பப்பட்டவர்களில் ஒருவரின் மனைவி எங்கள் வீட்டுக்கு அரிசி கேட்டு வந்தாள். அம்மா அளக்காமல் அள்ளிப் போட்டாள். அதற்குப் பிறகு அம்மா அப்பாவைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மட்டும் எரிச்சல் தீரவில்லை. அந்த மூன்று பேரும் சுகமாக வீட்டில் இருக்கிறார்கள், நம் அப்பா மட்டும் தன் முட்டாள்தனத்தால் இன்னும் குழிக்குள் கிடந்து இருமுகிறாரே என்று பொருமினேன்.

பிறகு ஒருநாள் வாளைத் தீட்டுகிற அரம் வாங்க அப்பா களியக்காவிளைச் சந்தைக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். அங்கே கடைக்காரரிடம் மளமளவென்று மலையாளத்தில் பேரம் பேசினார். நடுவில் ஏதோ கேலி சொல்ல, கடைக்காரர் அவர் தோளில் தட்டிச் சிரித்தார். நான் வாய் பிளந்து நின்றேன். அத்தனை மலையாளமும் பதினைந்து நாள் சிலேட்டுப் பாடத்தில் வந்துவிடுமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் சாமர்த்தியத்தை அம்மாவிடம் அளந்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு இருமல் வந்துவிட்டது, அடங்க நேரமாயிற்று.

“எல்லாம் நீ படிப்பிச்சதுதான் மக்கா” என்றார்.

நான் நம்பினேன்.